அவைக்கு முன் ஓர் அவை

மலேசியாவின் கிள்ளான் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் பேச்சுப் போட்டி அறிவிப்பு வந்தால் ஆசிரியர் மனத்தில் உடனே வந்து நிற்பவை இரண்டு மூன்று முகங்கள்தாம். சின்ன வகுப்பிலேயே மேடையேறிப் பழகிய பிள்ளைகள். பள்ளி நிலை, வட்டார நிலை, மாநில நிலை என்று அவர்களே போவார்கள். ஆசிரியர் தின வரவேற்புரை, பொங்கல் விழா நன்றியுரை, கோயிலில் திருமுறை ஓதுதல் எல்லாவற்றுக்கும் அவர்களே. மற்றவர்கள் ஆறு ஆண்டும் மண்டபத்தில் உட்கார்ந்து கைதட்டிவிட்டு இடைநிலைப் பள்ளிக்குப் போய்விடுகிறார்கள். பேச்சைக் கொண்டாடும் சமூகம் நாம். ஆனால் ஏற்கெனவே அச்சம் குறைந்தவர்களைப் பொறுக்கியெடுத்து மெருகேற்றுவதோடு அந்தக் கொண்டாட்டம் நின்றுவிடுகிறது. நடுங்குகிற பிள்ளையை மேடைவரை அழைத்துச் செல்லும் ஒழுங்கான வழி நம்மிடம் இருந்ததில்லை.

இதன் விலை பதின்மூன்று வயதில் தெரியத் தொடங்கும். தமிழ்வழி படித்த பிள்ளை படிவம் 1இல் மலாய்வழிக் கல்விக்குள் நுழைகிறது. வீட்டில் வாய் ஓயாமல் பேசும் பெண்ணுக்கு, குழுப் படைப்புக்காக வகுப்பின் முன் எழுந்து நிற்கும்போது குரல் தொண்டைக்குள்ளேயே நின்றுவிடுகிறது. இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மில் மலாய், ஆங்கிலம் இரண்டுக்கும் பேச்சுத் தேர்வு உண்டு. அரசுப் பல்கலைக்கழகம் போக விரும்புகிறவர் எழுதவேண்டிய மூவெட் ஆங்கிலத் தேர்வின் நான்கு பகுதிகளில் ஒன்று பேச்சு. முதலில் தனியே பேசவேண்டும், பிறகு குழுவில் கலந்து வாதிடவேண்டும். படிப்பை விட்டுப் போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்தாலும் இது விடாது. மேற்பார்வையாளராக உயர்ந்தவர் ஷிப்ட் தொடங்குமுன் ஆட்களை நிறுத்திப் பாதுகாப்பு விளக்கம் சொல்லவேண்டும். எதிரே நிற்பவர்கள் தமிழர், மலாய்க்காரர், வங்காளதேசி, நேப்பாளி எல்லாரும். பேசவேண்டியிருக்குமே என்று பதவி உயர்வைத் தள்ளிப்போடுகிறவர்கள் எந்தத் தொழிலிலும் உண்டு.

மெய்நிகர் கருவி இங்கே உதவுமா? கண்ணை முழுதாக மறைக்கும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, கணினி உருவாக்கிய பார்வையாளர் முன் திரும்பத் திரும்பப் பேசினால் மேடைப் பயம் குறையும் என்பது இதன் அடிப்படை. கால் நூற்றாண்டுக்கு மேல் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அவை சொல்வதைப் பார்த்துவிட்டு, கிள்ளான் பள்ளத்தாக்கில் இதற்கு என்ன இடம் என்று யோசிக்கலாம்.

முதலில் ஒரு பழைய கணக்கை ஒதுக்கிவைக்கவேண்டும். சாவைவிட மேடைக்கே மனிதர் அதிகம் அஞ்சுகிறார்கள் என்று பேச்சுப் பயிற்சிப் பட்டறைகளில் தவறாமல் சொல்வார்கள். 1973இல் அமெரிக்காவில் பிரஸ்கின் நிறுவனம் நடத்திய கருத்துக்கணிப்பிலிருந்து வந்தது அது. தமக்குள்ள பயங்களைக் குறிக்கச் சொன்னபோது 41 விழுக்காட்டினர் கூட்டத்தின் முன் பேசுவதையும் 19 விழுக்காட்டினர் சாவையும் குறித்தார்கள். 2012இல் டுவயர், டேவிட்சன் என்ற இரு ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் மீண்டும் கேட்டார்கள். அதிகம் பேர் குறித்தது அப்போதும் மேடைப் பயத்தைத்தான். ஆனால் இருப்பவற்றில் மிகப் பெரிய பயம் எது என்று ஒன்றை மட்டும் கேட்டபோது சாவுதான் முன்னே வந்தது. பரவலான பயம் வேறு, ஆழமான பயம் வேறு. மேடைப் பயம் முதல் வகை. மிகப் பலருக்கு இருப்பது, அவர்களில் பெரும்பாலோர் அதோடு வாழ்ந்துவிடக் கூடியது, ஒரு சிலருக்கு மட்டும் வாழ்க்கையையே திசைதிருப்புவது.

திருக்குறள் பொருட்பாலில் அவையறிதலை அடுத்து 73ஆம் அதிகாரமாக அவையஞ்சாமை வருகிறது. போர்க்களத்தில் உயிர்விடத் துணிந்தவர் பலர், அவையில் அஞ்சாது நிற்பவர் சிலரே என்ற கருத்து அங்கே உண்டு. கற்றும் அவைக்கு அஞ்சுகிறவரைப் பற்றிக் கடுமையான உவமைகளும் உண்டு. அரசவையில் பேசவேண்டிய அமைச்சனுக்குச் சொன்ன கடுமை அது. நாம் அதைப் பத்து வயதுப் பிள்ளைமேல் இறக்கி வைத்திருக்கிறோம். அஞ்சுகிற பிள்ளை படிக்கவில்லை, தயாராகவில்லை என்று முடிவுகட்டி, இன்னும் நன்றாக மனப்பாடம் செய்துவிட்டு வரச் சொல்கிறோம்.

இந்த அறிவுரைதான் பயத்தை வளர்க்கிறது என்று நான் நினைக்கிறேன். டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் இருவர் 1995இல் சமூக அச்சம் ஏன் தானாகக் கரைவதில்லை என்பதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். அஞ்சுகிறவரின் கவனம் எதிரே இருப்பவர்மேல் இருப்பதில்லை, தன்மேல் திரும்பிவிடுகிறது. கை நடுங்குகிறதா, முகம் சிவக்கிறதா, குரல் உடைகிறதா என்று உள்ளுக்குள் காவல் காக்கிறார். கூடவே சில தற்காப்புகளை வைத்துக்கொள்கிறார்: கண்ணைப் பார்க்காமல் இருப்பது, வேகமாகப் பேசி முடிப்பது, ஒவ்வொரு சொல்லையும் முன்பே ஒத்திகை பார்ப்பது. பேச்சு நல்லபடி முடிந்தாலும் தற்காப்பால்தான் தப்பித்தேன் என்றே மனம் கணக்கு எழுதிக்கொள்கிறது. பயம் அப்படியே மிஞ்சுகிறது. நம் போட்டி மேடையில் நான்கு நிமிட உரையை எழுத்துப் பிசகாமல் ஒப்பிப்பது இந்தத் தற்காப்புகளில் மிக வலுவானது. ஒரு வரி மறந்தால் மொத்த உரையும் சரிந்துவிடும் என்பதைப் பிள்ளை அறியும். அதனால் பரிசு வாங்கிய பிள்ளைகூடப் படிவம் 1இல் ஆயத்தமில்லாத ஒரு கேள்விக்கு வாயடைத்து நிற்கலாம்.

மாற்றுவழி புதிதன்று. 1958இல் ஜோசப் வோல்ப் எழுதிய நூலுக்குப் பிறகு, பயப்படும் பொருளைப் படிப்படியாக எதிர்கொள்ள வைப்பதே பயச் சிகிச்சையின் முதுகெலும்பு. பாம்புக்கு அஞ்சுகிறவருக்குப் பாம்பின் படம், பிறகு கண்ணாடிப் பெட்டியில் பாம்பு. மேடைக்கு அஞ்சுகிறவருக்கு என்ன செய்வது? ஐம்பது பேரைச் சிகிச்சை அறைக்குக் கூட்டிவர முடியாது. வந்தாலும் வேண்டுமென்றே கொட்டாவி விடுங்கள், இப்போது எழுந்து போங்கள் என்று அவர்களை ஏவ முடியாது. மெய்நிகர் கருவி இந்த இடைவெளியைத்தான் நிரப்பியது. 1995இல் பார்பரா ராத்பாம் குழுவினர் உயரத்துக்கு அஞ்சும் மாணவர்களைக் கணினி உருவாக்கிய பாலங்களில் நிறுத்திப் பயம் குறைவதைக் காட்டினார்கள். 1998இல் மேக்ஸ் நார்த் குழு அதை மேடைப் பயத்துக்குக் கொண்டுவந்தது.

அப்போது எழுந்த முதல் ஐயம் நியாயமானது: பொம்மைக்கு யார் பயப்படுவார்கள்? லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் மெல் ஸ்லேட்டர் குழு இதற்கு விடை தேடியது. 2002இல் வெளியான அவர்களது சோதனையில் மெய்நிகர் கருத்தரங்க அறையில் எட்டு ஆண் உருவங்கள் உட்கார்ந்திருந்தன. இன்றைய கணினி விளையாட்டுகளோடு ஒப்பிட்டால் மிகக் கரடான உருவங்கள். ஒரு வகை அவை ஆர்வமாகக் கேட்டது, ஒன்று அசையாமல் இருந்தது, ஒன்று சலிப்பும் வெறுப்பும் காட்டியது. வெறுப்புக் காட்டிய அவையின் முன் பேசியவர்களுக்கு, இயல்பில் மேடைத் துணிவு உள்ளவரா இல்லாதவரா என்ற வேறுபாடின்றி, பதற்றம் எழுந்தது. 2006இல் இன்னொரு சோதனை. துணிவுள்ளவர் 20 பேர், அஞ்சுகிறவர் 16 பேர். சிலர் வெற்று அறையிலும் சிலர் ஐந்து மெய்நிகர் ஆட்கள் முன்பும் பேசினார்கள். துணிவுள்ளவர்க்கு இரண்டும் ஒன்றுதான். அஞ்சுகிறவர்களுக்கோ அந்த ஐந்து பேர் வந்ததும் பதற்றம் கூடியது. எதிரே இருப்பது மனிதரில்லை என்று அறிவுக்குத் தெரியும்; உடல் அதைக் கேட்பதில்லை. தத்ரூபம் தேவையில்லை, பார்க்கப்படுகிறோம் என்ற உணர்வு வந்தால் போதும்.

பயம் எழுகிறது என்பது பாதி வழிதான். குறைகிறதா? 2009இல் ஹெலன் வாலாக் குழு இஸ்ரேலில் 88 பேரை மூன்றாகப் பிரித்தது. மெய்நிகர் கருவியோடு சேர்ந்த உளச்சிகிச்சை ஒரு குழுவுக்கு, கருவியில்லாத வழக்கமான சிகிச்சை இன்னொன்றுக்கு, மூன்றாவது குழு காத்திருப்புப் பட்டியலில். சிகிச்சை பெற்ற இரண்டு குழுக்களும் காத்திருந்தவர்களைவிட முன்னேறின. ஒன்றை மற்றொன்று பெரிதாக வென்றுவிடவில்லை. ஆனால் பாதியில் விட்டுப் போனவர்களை எண்ணியபோது, கருவியில்லாத குழுவில் அவர்கள் இரண்டு மடங்கு. எனக்கு இந்த ஆய்வில் மிக முக்கியமாகத் தெரிவது இந்த எண்ணிக்கைதான். மேடைக்கு அஞ்சுகிறவருக்குச் சிகிச்சைக்கு வருவதே ஒரு மேடை. அவர் வந்து தங்குவதற்குக் கருவி ஒரு காரணமாகிறதென்றால் அதுவே பெரிய உதவி.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேஜ் ஆண்டர்சன் 2013இல் வெளியிட்ட ஆய்வில் 97 பேர், எட்டு அமர்வுகள். சிறிய கூட்ட அறை, வகுப்பறை, பெரிய அரங்கம் என்று மெய்நிகர் இடங்கள் படிப்படியாக விரிந்தன. அவையின் முகபாவத்தைச் சிகிச்சையாளர் கணினியிலிருந்து மாற்றிக்கொண்டிருந்தார். நேரில் கூடி ஒருவர்முன் ஒருவர் பேசிப் பழகிய குழுவோடு ஒப்பிட்டபோது வேறுபாடு இல்லை. ஓராண்டு கழித்தும் முன்னேற்றம் நிலைத்திருந்தது. ஏறக்குறைய ஆறு ஆண்டுக்குப் பின் 28 பேரை மீண்டும் கண்டபோதும் பலன் கரைந்துவிடவில்லை. 28 சிறிய எண்தான் என்றாலும் இவ்வளவு காலம் பின்தொடர்ந்த ஆய்வுகள் இத்துறையில் அரிது.

எல்லா ஆய்வும் ஒரே பக்கம் சாயவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 2016இல் நெதர்லாந்தில் இசபெல் காம்ப்மன் குழு 60 பேரிடம் செய்த ஆய்வில் நிஜ மனிதரோடு பழகியவர்களே அதிகம் தேறினார்கள். மறு ஆண்டு கனடாவின் கியூபெக்கில் ஸ்டெபான் பூஷார் குழு 59 பேரிடம் செய்ததில் மெய்நிகர் முறை முந்தியது. ஆண்டர்சனுக்கு இரண்டும் சமம். மூன்று நல்ல ஆய்வுகள், மூன்று விடைகள். நுணுகிப் பார்த்தால் குழப்பம் கொஞ்சம் தெளிகிறது. நெதர்லாந்து ஆய்வு மேடைப் பேச்சை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை; அந்நியரோடு உரையாடுவது போன்ற பல சமூகச் சூழல்களைக் கருவிக்குள் கொண்டுவர முயன்றது. எதிர்ப்பேச்சு பேசுவதில் அந்நாளைய கருவி பலவீனமானது. கியூபெக்கில் அது முழு உளச்சிகிச்சையின் ஓர் உறுப்பாக இருந்தது. ஒருவர் பேச, மற்றவர் உட்கார்ந்து பார்க்கும் சூழலுக்குக் கருவி பொருத்தமானது. கேள்வி, மறுகேள்வி, அரட்டை என்று வந்தால் மனிதர்தாம் வேண்டும். மூவெட் பேச்சுத் தேர்வின் முதல் பகுதிக்கு இது உதவும், குழு விவாதத்துக்கு அவ்வளவு உதவாது என்று நம் மாணவர்களுக்குச் சொல்லலாம்.

விலை மலிந்த பிறகு வந்த ஆய்வுகள் நமக்கு இன்னும் நெருக்கமானவை. 2019இல் ஸ்டாக்ஹோமில் பிலிப் லிண்ட்னர் குழு, கைப்பேசியைச் செருகிப் பயன்படுத்தும் கடைச்சரக்கு ஹெட்செட்டையும் சந்தையில் கிடைக்கும் செயலியையும் வைத்தே 50 பேருக்கு ஒரே ஒரு மூன்று மணிநேர அமர்வு நடத்தியது. பயம் குறைந்தது. சிகிச்சையாளர் இல்லாமல் வீட்டில் தாமே செய்தவர்களுக்கும் பலன் இருந்தது. ஆனால் விளம்பரங்கள் விட்டுவிடும் பகுதி ஒன்று அதில் உண்டு: அமர்வு முடிந்தபின் நான்கு வாரம், நிஜ வாழ்க்கையில் பேசும் வாய்ப்புகளைத் தேடிப் பேசவேண்டும் என்று இணையவழியே தொடர்ந்து வழிநடத்தினார்கள். கருவி கதவைத் திறந்தது. அதன் வழியே நடக்கவைத்தது அந்த நான்கு வாரம். அதே ஆண்டு நார்வேயின் பெர்கனில் 13 முதல் 16 வயதுவரை உள்ள 27 பிள்ளைகளிடம் ஓர் அமர்வுச் சோதனை நடந்து நல்ல விளைவு கிடைத்தது. கேம்பிரிட்ஜில் கிறிஸ் மெக்டொனால்ட் இலவசமாகத் தந்திருக்கும் தளத்தில் 10,000 பேர் நிரம்பிய விளையாட்டரங்கின் முன்பே நின்று பேசலாம். நிஜத்தில் ஒருபோதும் வராத அளவு பெரிய அவையைப் பார்த்துவிட்டால் வகுப்பறை சிறிதாகிவிடும் என்பது அவர் எண்ணம்.

மாத்திரையால் இது தீராதா என்று கேட்பவர்கள் உண்டு. புரோப்ரனோலால் போன்ற மருந்துகள் நடுக்கத்தையும் படபடப்பையும் அடக்கும்; இசைக் கலைஞர்கள் சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். ஆஸ்துமா உள்ளவருக்கு அது ஆபத்து. மருத்துவர் சொல்லாமல் தொடவே கூடாது. அடுத்த மேடைக்கு அது எதையும் கற்றுத் தருவதுமில்லை.

கருவிக்கு உண்மையான போட்டி வேறு இடத்தில் இருக்கிறது. 1924இல் கலிபோர்னியாவில் ரால்ப் ஸ்மெட்லி தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் பேச்சுப் பயிற்சி மன்றங்கள் கோலாலம்பூரிலும் சுற்றுப்புறத்திலும் நிறைய உண்டு. செலவு குறைவு, அவை நிஜமானது, பரிவானது. அங்கே போக முடிந்தவர் போகட்டும். ஹெட்செட் வாங்க வேண்டியதில்லை. மன்றத்தின் வாசல்வரை வந்து காரைத் திருப்பிக்கொண்டு போகிறவருக்குத்தான் கருவி.

நம் ஊருக்கு வருவோம். இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை மேற்கத்திய நாடுகளில், மேற்கத்திய முகங்கள் கொண்ட அவைகளோடு நடந்தவை. நம் பிள்ளையின் அவை அதுவன்று. முன்வரிசையில் மாலை போட்ட சிறப்பு விருந்தினர், பக்கத்தில் தலைமையாசிரியர், பின்னால் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர், கதவோரம் கைப்பேசியில் படம் எடுக்கும் அத்தைமார். இடைநிலைப் பள்ளியில் மலாய், சீன, இந்திய முகங்கள் கலந்த வகுப்பு. கேட்கும் முகத்துக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை என்பது ஒரு வசதி. தமிழிலோ மலாயிலோ பேசினாலும் உருவங்கள் தலையாட்டும். ஆனால் பேச்சை மதிப்பிட்டுக் கருத்துச் சொல்லும் வசதிகள் பெரும்பாலும் ஆங்கிலத்துக்கே அமைந்தவை.

இன்னும் ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. எதிர்கொள்ளும் சிகிச்சை வேலை செய்வது, அஞ்சிய கேடு நடக்கவில்லை என்பதை மனம் நேரில் காண்பதால். கேடு நிஜமாகவே நடக்கிற இடத்தில் அது எப்படிப் பலிக்கும்? மலாய் உச்சரிப்பைக் கேட்டு வகுப்பே சிரிக்கிறதென்றால் அந்தப் பிள்ளையின் பயம் தப்புக்கணக்கு ஆகாது. இதற்கு இந்த மண்ணில் நீண்ட வரலாறும் இருக்கிறது. 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் திறக்கப்பட்ட போர்ட் கிள்ளான் துறைமுகத்தின் வழியே வந்திறங்கிய தமிழர்கள், தோட்டத் துரை முன்னால் வாய் திறக்கக் கூடாது என்ற ஒழுங்குக்குள் அனுப்பப்பட்டார்கள். 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில் சம்பளத்தோடு பேச்சுரிமையும் கூட்டம் கூடும் உரிமையும் இருந்தன. துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழியவேண்டும் என்பதும் இருந்தது. அவர்களுக்காகப் பேசிய ஆர்.எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். பேசியதற்குத் தண்டனை கண்ட சமூகத்தின் பேரப்பிள்ளைகளிடம், உன் பயம் வெறும் கற்பனை என்று ஒரு கருவியைக் கொண்டு சொல்ல முடியாது. வகுப்பில் சிரிப்பவர்களை ஆசிரியர் நிறுத்தவேண்டும். அந்த வேலை கருவியுடையதன்று.

இவ்வளவும் சொன்ன பிறகும், இதைச் செய்து பார்க்கவேண்டும் என்றே நினைக்கிறேன். துறைமுகங்களில் பெரிய கிரேன்களை ஓட்டப் பழகுகிறவர்களை முதலில் சிமுலேட்டரில் உட்காரவைக்கிறார்கள். பிறகுதான் நிஜக் கிரேன். அதில் யாரும் வெட்கம் காண்பதில்லை. பேச்சுக்கும் அப்படியொரு பழகுமிடம் இருக்கலாம்.

அதற்கு வெளிநாட்டுச் செயலியை நம்பியிருக்கவும் வேண்டாம். 2017இல் நெதர்லாந்தில் ஸ்டுபார் ருட்டன்பிரான்ஸ் குழு 35 மாணவர்களுக்கு எல்லாப் பக்கமும் பதிவாகும் 360 பாகை வீடியோவைக் கைப்பேசியில் தந்து வீட்டிலேயே பழகவைத்தது. முதலில் வெற்று வகுப்பறை, அடுத்துச் சிறு அவை, பிறகு பெரிய அவை. பயம் குறைந்தது, அதிலும் தொடக்கத்தில் மிக அஞ்சியவர்களுக்கே அதிகம் குறைந்தது. இப்படி ஒரு வீடியோவைக் கிள்ளான் பள்ளியின் சொந்த மண்டபத்திலேயே எடுக்கலாம். பெற்றோர் அனுமதியோடு ஒரு சனிக்கிழமை பிள்ளைகளை உட்காரவைத்து, ஒருமுறை கவனமாக, ஒருமுறை சலிப்பாக, ஒருமுறை பாதிப் பேர் கிசுகிசுத்தபடி என்று பதிவு செய்யலாம். இடைநிலைப் பள்ளி வகுப்பறையிலும் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் கல்யாண மண்டபத்திலும் துறைமுக வேலையாட்களின் வரிசை முன்பும் அதையே செய்யலாம். கைப்பேசி இல்லாமல் தனியே இயங்கும் ஹெட்செட் ஒன்றின் விலை ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டும். ஆனால் ஒரு பள்ளிக்கு ஒன்று போதும். பேசுகிறவர் நடமாடாமல் ஓரிடத்தில் நிற்பதால் தலைச்சுற்றல் பெரிய தொல்லையாக இருக்காது. சின்னப் பிள்ளைகளுக்கு வயதுவரம்பைக் கவனிக்கவேண்டும். ஹெட்செட் தயாரிக்கும் மெட்டா நிறுவனம் 2023 முதல் 10 வயதிலிருந்து பெற்றோர் கட்டுப்பாட்டுக் கணக்கை அனுமதிக்கிறது.

பொறுப்பு இடைநிலைப் பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் இருக்கவேண்டும். படிவம் 1 பிள்ளைகளுக்கும் மூவெட் எழுதப் போகிறவர்களுக்கும் முதலிடம். குறிப்பு மட்டும் கையில் இருக்கலாம். மனப்பாட உரை கூடாது. எதிரே இருக்கும் முகங்களைப் பார்த்தே பேசவேண்டும். கருவியில் பேசிய அதே வாரத்தில் இரண்டு நண்பர்கள் முன் நேரில் பேசவேண்டும், அடுத்த வாரம் பத்துப் பேர் முன், அதற்கடுத்து வகுப்பு முன். பள்ளிக்கே போக மறுக்கும் பிள்ளை, மூச்சடைத்துப் போகும் அளவு அஞ்சும் பிள்ளை என்றால் கருவியைத் தள்ளிவைத்துவிட்டுக் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை போன்ற இடத்தில் மனநல மருத்துவரிடம் அனுப்பவேண்டும்.

செயலி காட்டும் மதிப்பெண்ணை வைத்து இது வென்றதா என்று முடிவு செய்யக்கூடாது. மூன்று மாதம் கழித்து அந்தப் பிள்ளை வகுப்பில் தானாகக் கை தூக்கியதா, குழுப் படைப்பில் தன் பங்கைத் தானே பேசியதா, தேர்வு நாளில் பேச்சு அறைக்குள் போனதா என்று ஆலோசக ஆசிரியர் எழுதிவைக்கவேண்டும். கருவி தொடாத இன்னொரு வகுப்பிலும் இதே மூன்றையும் குறித்துவைத்தால் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். ஸ்டாக்ஹோமும் கேம்பிரிட்ஜும் சொன்னது நம் பிள்ளைகளுக்கும் பொருந்துகிறதா என்று அந்தப் பதிவேடே காட்டிவிடும்.